தூண்கள்மீது ஒரு பள்ளிக்கூடம்

இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் வெல்லண்ட் ஆற்றங்கரையில் அமைந்த மார்க்கெட் ஹார்பரோ, 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே சந்தைக்குப் பெயர்பெற்ற ஊர். அதன் வரலாற்றில் என்னைப் பெரிதும் ஈர்ப்பது, புனித டயோனிசியஸ் தேவாலயத்தின் அருகே மரத்தூண்கள்மீது எழுப்பப்பட்ட பழைய கிராமர் பள்ளிதான் (இலத்தீன் இலக்கணம் கற்பித்த பள்ளிகளுக்கு இங்கிலாந்தில் வழங்கிய பெயர் இது). இவ்வூரில் பிறந்து லண்டனில் உயர்பதவி வகித்த ராபர்ட் ஸ்மித்தின் கொடையால் 1614இல் கட்டப்பட்ட அதன் மேல்தளத்தில் சிறுவர்கள் பாடம் படிக்க, சுவரில்லாத கீழ்த்தளத்தில் வெண்ணெய் விற்போர் மழையில் நனையாமல் கடை விரித்தனர். கல்விக்கும் வணிகத்திற்கும் ஒரே கூரையை அமைத்த அந்தச் சிக்கனம் பாராட்டத்தக்கது. தலைக்கு மேல் ஒலித்த பாடங்கள் வியாபாரிகளுக்கும் ஓரளவு மனப்பாடமாகியிருக்கக்கூடும்! 1892இல் பள்ளி வேறிடத்திற்கு மாறியது. அதற்கு முன்னர் இங்கே பயின்றவர்களுள் ஒருவரான வில்லியம் ஹென்றி பிராக், 1915ஆம் ஆண்டுக்குரிய இயற்பியல் நோபல் பரிசைத் தம் மகன் லாரன்ஸுடன் பகிர்ந்துகொண்டார்.