மதியம் 3 மணிக்கு டிரைவர் சொன்னது இரவு 11

ராஸ்பெர்ரி பை 4 என்ற கையளவு கணினியில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. கரண்ட் போய் வந்தால், நெட் கிடைக்கும்வரை அதற்கு மணி தெரியாது. கடைசியாக எங்கோ குறித்துவைத்த நேரத்திலிருந்து எண்ண ஆரம்பிக்கும். வீட்டில் ஒரு பழைய மேசைக் கடிகாரம் கிடந்தது, ஆர்டுயினோ வைத்து நானே செய்தது. அதிலிருந்த டிஎஸ்1307 மாட்யூலை, அதாவது பேட்டரியில் நேரம் எண்ணும் சிப் உள்ள சின்ன போர்டை, கழற்றினேன். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் இந்த சிப்போடு பேசும் நிரல், அதாவது டிரைவர், நல்லதாகவே ஏற்கெனவே இருக்கிறது. இருந்தாலும் சொந்தமாக ஒன்று எழுதிப் பார்க்க ஆசை. எழுதவேண்டியது ஏழே ஏழு ரெஜிஸ்டர் (சிப்புக்குள் எண் வைக்கும் அறை) படிக்கிற வேலை, ஒரு சனிக்கிழமை போதும் என்று நினைத்தேன். ஐந்து வாரம் ஆனது.

முதல் சனி முழுக்க மின்சாரத்திலேயே போயிற்று. 3.3 வோல்ட் கொடுத்தால் சிப் பதிலே சொல்லவில்லை. டேட்டாஷீட்டை ஒழுங்காகப் படித்திருந்தால் தெரிந்திருக்கும்: சப்ளை, பேட்டரி வோல்ட்டேஜைப் போல 1.25 மடங்குக்குக் கீழே போனால் சிப் வாயை மூடிக்கொள்ளும். பேட்டரி 3 வோல்ட் என்றால் 3.75 வேண்டும். 5 வோல்ட் கொடுத்தேன். அதற்கு முன், மாட்யூலில் சிக்னல் கம்பிகளை 5 வோல்ட்டுக்கு இழுத்துக் கட்டியிருந்த புல்-அப் ரெசிஸ்டர்களைச் சால்டரிங் அயர்ன் வைத்து எடுத்துவிட்டேன். ராஸ்பெர்ரி பையின் பின்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது, அதன் போர்டிலேயே புல்-அப்கள் இருக்கின்றன. ஹெக்ஸில் (16 அடிமான எண்ணில்) 68 என்ற முகவரியில் சிப் தலைகாட்டியது.

அப்புறம் டிரைவர். இந்த சிப் ஒவ்வோர் இலக்கத்தையும் நான்கு பிட்டில் வைக்கும், அதாவது பிசிடி. மேல் நான்கைப் பத்தால் பெருக்கி, கீழ் நான்கைக் கூட்டினால் எண். எல்லை மீறி ஏதாவது வந்தால் என்ன செய்வது? இங்கேதான் நான் புத்திசாலித்தனம் காட்டினேன். நிமிடம் 59-ஐத் தாண்டினால் 59 ஆக்கு, மாதம் 12-ஐத் தாண்டினால் 12 ஆக்கு என்று எல்லாவற்றையும் வெட்டிச் சரிசெய்து கொடுத்தேன். பிழையே வராத டிரைவர்!

ஒரு நாள் டேட்டா கம்பி பிரெட்போர்டில் லேசாக ஆடியது. முழுக்கக் கழன்றிருந்தால் சிப் ஆமோதிக்கவில்லை என்று ஐ2சி (சிப்போடு பேசும் இரு கம்பி இணைப்பு) பிழை வந்திருக்கும். இது முகவரிக்குப் பதில் வந்த பிறகு விட்டுப்போயிருக்கிறது. புல்-அப் கம்பியை மேலேயே பிடித்து வைத்திருந்ததால் எல்லா பிட்டும் 1. கணக்குப் போட்டால் ஆண்டு 2165, மாதம் 25, தேதி 45, மணி 45, நிமிடம் 85, விநாடி 85. பார்த்தவுடனே குப்பை என்று தெரிகிற எண்கள். என் டிரைவர் அதை 2099 டிசம்பர் 31, 23:59:59 என்று அழகாக இஸ்திரி போட்டுக் கொடுத்தது. நான் அதை சிஸ்டம் கடிகாரத்துக்கு ஏற்றிவிட்டேன். எல்லா இணையதளத்தின் சான்றிதழும் காலாவதி. ரீபூட் செய்தால், குறித்துவைத்த நேரமும் 2099. நெட் வந்த பிறகுதான் இறங்கியது. அதற்குள் கம்பைல் செய்த கோப்புகள் எல்லாம் எதிர்காலத்தில் உட்கார்ந்திருந்தன, கோப்பின் நேரத்தைப் பார்த்துக் கம்பைல் செய்யும் மேக் கருவி ஒரு வாரம் புலம்பியது.

வெட்கக்கேடு என்னவென்றால், கெர்னலின் பொது அடுக்கு இதைத் தானே பார்க்கும். டிரைவர் கொடுத்த நேரத்தில் மாதம், அந்த மாதத்துக்கு எத்தனை நாள், லீப் வருடமா, மணி, நிமிடம், விநாடி எல்லாவற்றையும் சோதித்து, 1970-க்கு முந்தியது என்றாலும் தள்ளிவிட்டு, மைனஸ் 22 (செல்லாத மதிப்பு) என்று பிழை கொடுக்கும். அது பார்ப்பதற்கு முன்பே நான் குப்பையை மறைத்துவிட்டேன். வெட்டுகிற வரிகளை எல்லாம் அழித்தேன்.

அடுத்து வந்ததுதான் என்னை அதிகம் சுற்றவிட்டது. காலையில் சோதித்தால் மணி சரி. மதியம் 12-க்குப் பிழை. 1 மணிக்கு 21 காட்டியது, 3 மணிக்கு 23. 4 மணியிலிருந்து மறுபடி பிழை. சரியாக எட்டு மணி நேரம் தள்ளியிருக்கிறதே, சிங்கப்பூர் டைம்ஸோன் எங்கோ நுழைந்துவிட்டது என்று முடிவுகட்டி, ஒரு மாலை முழுக்கத் தேவையில்லாத கோப்புகளைத் தோண்டினேன். விஷயம் வேறு. அந்த மேசைக் கடிகாரத்தில் சிப்பை நான் 12 மணி நேர முறையில் போட்டிருந்தேன். மணி ரெஜிஸ்டரில் (0-இலிருந்து எண்ணினால்) 6-ஆம் பிட் முறையைச் சொல்லும். 5-ஆம் பிட், 24 மணி முறையில் 20 என்ற இலக்கம். 12 மணி முறையிலோ பிற்பகல் என்பதற்கான கொடி. நான் 6-ஆம் பிட்டைக் கண்டுகொள்ளாமல் மறைத்துவிட்டதால், பிற்பகல் கொடி 20 ஆகக் கூடிக்கொண்டது. 1 மணி 21, 3 மணி 23, 4 மணி 24 ஆகி எல்லை தாண்டிப் பிழை, மதியம் 12 மணி 32. நள்ளிரவு 12 மட்டும் சத்தமில்லாமல் நண்பகல் ஆகியிருக்கும், அந்த நேரத்தில் நான் பார்க்கவில்லை. எல்லைச் சோதனை இதில் ஒரு பகுதியைத்தான் பிடித்தது. மீதி, பார்க்க ஒழுங்கான, தவறான நேரம்.

அதே மாதிரி இன்னொன்று. சப்ளையை நிறுத்திவிட்டு, பேட்டரியையும் கழற்றி மாட்டினால் சிப் 2000 ஜனவரி 1, 00:00:00 என்று சொல்லி அப்படியே நிற்கும். எல்லைச் சோதனைக்கு இது நூற்றுக்கு நூறு சரியான நேரம். ஆனால் விநாடி ரெஜிஸ்டரின் 7-ஆம் பிட், ஆஸிலேட்டர் (நேரத்தை எண்ணவைக்கும் துடிப்பு) நின்றிருக்கிறது என்பதற்கான கொடி, 1 ஆக இருக்கும். சிப் தானாக ஒப்புக்கொள்கிறது. நானோ பிசிடி மாற்றுவதற்காக அந்த பிட்டைத் துடைத்துவிட்டு மேலே போய்க்கொண்டிருந்தேன். இப்போது துடைப்பதற்கு முன்னால் அதைப் பார்த்து, 1 என்றால் அங்கேயே பிழை திருப்புகிறேன். யாராவது சரியான நேரம் எழுதும்போது அந்த பிட் 0 ஆகி ஆஸிலேட்டர் ஓடத் தொடங்கும்.

ஏழு ரெஜிஸ்டரையும் ஒரே மூச்சில் படிக்க வேண்டும் என்பது தனிக் கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொன்றாகப் படித்தபோது 9:59:59-க்கு விநாடியை எடுத்து, நிமிடத்துக்குப் போவதற்குள் மணி மாறி, 10:00:59 கிடைத்தது. ஒரே தொடராகக் கேட்டால் தொடக்கத்திலேயே சிப் நகல் எடுத்து வைத்துக்கொள்கிறது.

கடைசி வாரம் வேண்டுமென்றே கெடுத்துப் பார்த்தேன். பிப்ரவரி 31 எழுதினேன். சிப் மறுக்கவில்லை, கேட்டால் அதையே திருப்பிக் கொடுத்தது. பொருந்தாத தேதி எழுதினால் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று டேட்டாஷீட்டும் கைகழுவிவிடுகிறது. இதைக் கெர்னல் பிடித்தது. நிமிடத்தில் மேல் இலக்கம் 1, கீழ் இலக்கம் 10 என்று வைத்தேன். கணக்குப்படி 20, எல்லைக்குள் வருகிறது, யாரும் கேட்கவில்லை. இலக்கம் 9-ஐத் தாண்டினால் தள்ளு என்று ஒரு வரி சேர்த்தேன். கிழமையைச் சோதிக்கவில்லை. எந்த எண் எந்தக் கிழமை என்பது எழுதுகிறவர் விருப்பம்.

டிரைவர் கம்பைல் ஆன தேதிக்கு முந்திய நேரத்தை நிராகரிக்கவும் ஆசைப்பட்டேன். கட்டும் தேதியைக் கோடில் வைத்தால் கெர்னல் கம்பைலே செய்ய விடாது, ஒரே மூலத்திலிருந்து எப்போது கட்டினாலும் ஒரே கோப்பு வரவேண்டும் என்பதற்காக. அது கணினியைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி போன்ற நிரல்கள் மேலே பார்த்துக்கொள்ளும் வேலை என்று விட்டுவிட்டேன்.

சோதனை முடிந்ததும் சிப்பைப் பழைய மேசைக் கடிகாரத்தில் மாட்டினேன். என் டிரைவர் அதை 24 மணி முறைக்கு மாற்றியிருந்தது. இரவு 8 மணிக்குக் கடிகாரம் 0 பி.எம். என்று காட்டியது. அதன் நிரலும் 6-ஆம் பிட்டைப் பார்ப்பதே இல்லை. எழுதியது நான்தான்.