குளிர் பாதி, புளிப்பு பாதி

முதுநிலைப் பல் அறுவைப் படிப்பில் சேர்ந்த புதிதில், ஞானப்பல் அறுவைக்கான மரப்பு மருந்தோடு எதைச் சேர்த்தால் என்ன நடக்கும் என்பதை வாய்ப்பாடுபோல ஒப்பித்துக்கொண்டிருந்தேன். தேர்வில் அதே கேள்விக்கு விடை எழுதப் போகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். டிசம்பரில் கோத்தகிரியில் நடந்த ஒரு முகாமில்தான் விஷயம் பிடிபட்டது. மருந்துக் குப்பியைத் தொட்டாலே விரல் சில்லிட்டது. தேயிலை பறிக்கும் அம்மா ஒருவருக்குக் கடைவாய்ப்பல் எடுக்க ஊசி போட்டேன். "தம்பி, மிளகாயை அரைத்து அப்பினாற்போல் எரிகிறதே!" என்று கண் கலங்கினார். "அடுத்த குப்பியைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திரு. குளிர் பாதி, புளிப்பு பாதி" என்றார் மூத்த மருத்துவர்.

புளிப்பு என்று அவர் சொன்னது அமிலத்தை. மரப்பு நீடிக்க, ரத்தக் குழாய்களைச் சுருக்கும் அட்ரினலினை மருந்தோடு சேர்ப்பார்கள். அது எளிதில் கெட்டுவிடும். அதற்காக, கெடாமல் காக்கும் சல்ஃபைட் சேர்த்து, கரைசலையும் அமிலமாக வைக்கிறார்கள், பிஎச் (அமிலத்தன்மையின் அளவு, 7-க்குக் கீழே அமிலம்) 3.5 அளவில் இருக்கும். மரப்பு மருந்தான லிக்னோகெயினின் பிகேஏ, அதாவது அதில் பாதி மின்னேற்றம் பெற்றிருக்கும் பிஎச், 7.9. அமிலத்தில் அது ஏறக்குறைய முழுவதும் மின்னேற்றம் பெற்றுவிடும். மின்னேற்றமில்லாத பகுதிதான் நரம்புச் சவ்வைக் கடக்கும். 8.4% சோடியம் பைகார்பனேட்டை ஒன்பது பங்கு மருந்துக்கு ஒரு பங்கு கலந்து அமிலத்தைத் தணிப்பதும், சீழ் கட்டி அமிலமான இடத்தில் மரப்பு சரியாகப் பிடிக்காததும் இதே கணக்குதான். கலந்தவுடன் பயன்படுத்த வேண்டும் என்பதையும் விடையில் எழுதுங்கள்.

வாய்மொழித் தேர்வில் நான் திணறியது எளிய கேள்வியில். "அட்ரினலின் 1:80,000 என்றால் ஒரு மில்லியில் எத்தனை மைக்ரோகிராம்?" 80,000 மில்லியில் 1 கிராம், ஆகவே 12.5. ஆரோக்கியமானவருக்கு 200 மைக்ரோகிராம் வரை, அதாவது 16 மில்லி. இதய நோயாளிக்கு 40 தான், 3.2 மில்லியோடு நிறுத்த வேண்டும். உடனே அடுத்தது வந்தது: "நோயாளி 40 கிலோ என்றால்?" அட்ரினலின் சேர்ந்த 2% லிக்னோகெயினுக்குக் கிலோவுக்கு 7 மில்லிகிராம் எல்லை. அவருக்கு 14 மில்லியிலேயே அது முடிந்துவிடும், அட்ரினலினுக்கு முன்பாகவே. இந்தக் கணக்கைத் தாளில் நாலு முறை போட்டுப் பாருங்கள்.

இனி, சேர்க்கும் மற்ற மருந்துகள். ஸ்டீராய்டான டெக்ஸாமெத்தசோனுக்கு வீக்கத்தையும் வாய் திறக்க முடியாமையையும் குறைப்பதை முதலில் எழுதுங்கள். மரப்பு நீடிப்பது அப்புறம். டெக்ஸ்மெடிடோமிடின், குளோனிடின் இரண்டும் ஆல்ஃபா-2 என்ற நரம்பு ஏற்பிகளைத் தூண்டும் வகை. மரப்பை நீட்டும், நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் இறக்கும். மெக்னீசியம் சல்ஃபேட், மருந்து திசுவில் பரவ உதவும் நொதியான ஹயலூரோனிடேஸ் இரண்டுக்கும் இரண்டிரண்டு வரி போதும்.

கடைசியாக, சல்ஃபைட் ஒவ்வாதவருக்கு என்ன தருவீர்கள் என்று கேட்டார்கள். அட்ரினலினும் அதனால் சல்ஃபைட்டும் கலக்காத 3% மெபிவகெயின் என்ற மரப்பு மருந்து என்றேன். அதற்கு மட்டும் நான் யோசிக்கவே இல்லை.