எல்லாப் பழியும் பல் மேலேயே

மகனுக்கு ஆறரை மாதத்தில் ஜொள்ளு ஆரம்பித்தது. பெரம்பூர் வீட்டில், மே மாத வெயிலில், ஒரு நாளைக்கு ஆறு பிப் மாற்றியும் கழுத்து மடிப்பு ஈரமாகவே இருந்து, தாடைக்குக் கீழே சிவந்து தடித்துவிட்டது. நான் அழுத்தித் துடைத்துத் துடைத்து அதை இன்னும் மோசமாக்கினேன். அப்புறம் மாமாவின் பழைய காட்டன் வேட்டியைக் கிழித்து, ஒற்றி மட்டும் எடுத்து, மெல்லிசாக வாஸ்லின் தடவ, நாலு நாளில் அடங்கியது.

கீழ் ஈறு நடுவில் தடித்து வெளுத்திருந்தது. ரிமோட், கொசுவலை, என் தாலிக்கயிறு, எது கிடைத்தாலும் நறநறவென்று கடிப்பான். அத்தை கையில் வசம்பு வளையல் கட்டினார்கள், அதையும் கடித்தான். மருந்துக்கடையில் ஈறில் தடவ ஒரு ஜெல் கொடுத்தார்கள். நல்லவேளை, திறப்பதற்கு முன் டாக்டரிடம் காட்டினேன். பென்சோகெயின் என்ற மரத்துப்போக வைக்கும் மருந்து கலந்த ஜெல்லை இரண்டு வயதுக்குள் தொடவே கூடாதாம், ரத்தம் ஆக்சிஜனை எடுத்துப்போவதையே அது கெடுத்துவிடலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018-லேயே எச்சரித்திருக்கிறது. வசம்பு வளையலையும் கழற்றச் சொன்னார், கயிறு அறுந்தால் துண்டு நேராகத் தொண்டைக்குத்தான்.

இதெல்லாம் சரி. ஏழாம் மாதம் பேதி வந்தபோதுதான் கோட்டை விட்டேன். தண்ணீராக ஏழு தடவை, கூடவே காய்ச்சல் 101.6. "பல் முளைக்கிற பேதிம்மா, பல்லு வெளிய வந்தா தானா நின்னுடும்" என்று அத்தை, எதிர் வீட்டு அக்கா, ஊரிலிருந்து போனில் அம்மா, மூன்று பேரும் ஒரே குரலில். நானும் நம்பி ஒன்றரை நாள் ஓட்டினேன். மறுநாள் காலை கட்டிய டயபர் மதியம் வரை நனையவே இல்லை, ஒரு சொட்டு மூத்திரம்கூடப் போகவில்லை. அதைக் கையில் பிடித்தபோதுதான் வயிறு கலங்கியது, உடனே ஆட்டோ பிடித்தோம்.

டாக்டர் திட்டினார். பல் வரும்போது உடம்பு லேசாகக் கதகதக்கலாம், ஆனால் 100.4 தாண்டினாலோ பேதி போனாலோ அதைப் பல் கணக்கில் எழுதக் கூடாது என்றார். ஆறு மாதத்துக்கு மேல் அம்மாவிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குறைகிறது, அதே நேரத்தில்தான் பிள்ளை தரையில் கிடப்பதையெல்லாம் வாயில் போடுகிறது, பல்லும் அப்போதே வருவதால் பழி அதன் மேல் விழுகிறது. ஓ.ஆர்.எஸ். கரைசல், ஒவ்வொரு பேதிக்கும் பிறகு ஸ்பூன் ஸ்பூனாக. ஜிங்க் 20 மி.கி., 14 நாள், பேதி நின்றாலும் நிறுத்தாமல். தாய்ப்பால் வழக்கம்போல. மூன்றாம் நாள் சிரித்தான்.

ஈறு வலிக்கு எங்களுக்குக் கைகொடுத்தது ஈரத்துணிதான். சுத்தமான கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து பிரிட்ஜில் வைத்து (ஃபிரீசரில் வேண்டாம், கல்லாகி ஈறைக் குத்தும்) கையில் கொடுத்தால் பத்து நிமிடம் சத்தமே இருக்காது. இரவில் அழுகை தாங்காமல் இரண்டே முறை பாரசிட்டமால் சொட்டு, அதுவும் எடை பார்த்து டாக்டர் எழுதிய அளவு.

எட்டாம் மாதம் கேழ்வரகுக் கஞ்சி ஊட்டும்போது எவர்சில்வர் ஸ்பூனில் 'டிக்' என்றது. அத்தை ஓடிவந்து முதலில் பார்த்தது கீழ்ப்பல்லா மேல்பல்லா என்றுதான், மேல்பல் முதலில் வந்தால் தாய்மாமனுக்கு ஆகாதாம். கீழ்ப்பல், என் தம்பி தப்பித்தான்.

இப்போது பால் குடிக்கும்போது கடிக்கிறான். கத்தினால் சிரிக்கிறான், விளையாட்டென்று நினைப்பு. வெடுக்கென்று இழுக்காமல், வாயோரமாகச் சுண்டுவிரலை நுழைத்தால் விட்டுவிடுகிறான்.