அன்னபேதியும் ஒரு டம்ளர் டீயும்

"இரும்புச்சத்து குறைந்தால் என்ன நோய் வரும்?" என்று கேட்டால் எங்கள் ஏழாம் வகுப்பில் அத்தனை பிள்ளைகளும் ஒரே குரலில் "ரத்தசோகை, டீச்சர்" என்பார்கள். பரீட்சையிலும் சரியாக எழுதிவிடுவார்கள். அப்படி எழுதி முழு மதிப்பெண் வாங்கிய ஒரு பெண், போன ஆடி மாதம் காலை வணக்கக் கூட்டத்தில் நின்றபடியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். சிவந்திருக்க வேண்டிய இடம் வெளிறிக் கிடந்தது.

"காலையில என்ன சாப்பிட்ட, கண்ணு?"

"டீயும் பொறையும், டீச்சர்."

அம்மா ஆறு மணிக்கே சின்ன வெங்காயக் காட்டுக்குக் களையெடுக்கப் போய்விடுகிறார். எங்கள் பள்ளியில் காலை உணவு ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். ஆறாம் வகுப்புக்கு வந்ததும் பசி குறைந்துவிடுமா என்ன? மதியச் சத்துணவில் முட்டை உண்டு, பருப்பு உண்டு, வாரம் ஒரு நாள் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையும் உண்டு. ஆனால் மாத்திரை போட்ட கையோடு வீட்டுக்குப் போய் இவள் குடிப்பதும் டீதான். விசாரித்துப் பார்த்தால் வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான். அன்றைக்குத்தான் பாடத்தை வேறு மாதிரி நடத்த வேண்டும் என்று முடிவு செய்தேன்.

பெரம்பலூர் கடைத்தெருவில் நாட்டு மருந்துக் கடைக்குப் போய்க் கொஞ்சம் அன்னபேதி வாங்கினேன். இது ஓர் இரும்பு உப்பு, வேதியியலில் ஃபெரஸ் சல்ஃபேட் என்பார்கள். நீல மாத்திரையில் இருப்பதும் பெரும்பாலும் இதே உப்புதான். சித்த மருத்துவத்தில் இதைச் செந்தூரமாக்கி ரத்தசோகைக்குத் தருகிறார்கள். கடுக்காயோடு சேர்த்து எழுதும் மையும் இதில்தான் காய்ச்சினார்கள். மருந்தும் மையும் ஒரே பொருளிலிருந்து வந்ததை நினைக்க எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். அந்த மைதான் எனக்கு வழி காட்டியது.

வகுப்பில் ஒரு கண்ணாடி டம்ளரில் அன்னபேதியைக் கரைத்தேன். லேசான பச்சை நிறம். யாரும் வாயில் வைக்கக் கூடாது என்று இரண்டு தரம் சொன்னேன். அப்புறம் பால் சேர்க்காத கெட்டி டீயை ஃபிளாஸ்கிலிருந்து மெல்ல ஊற்றினேன். டீ விழுந்த இடத்தில் கருப்பு இழை இழையாக இறங்கியது. டம்ளரை ஒரு சுற்றுச் சுற்றியதும் மொத்தமும் மைக்கூடு மாதிரி ஆகிவிட்டது. கடைசி பெஞ்சுப் பையன்கள் எழுந்து மேசைக்கே வந்துவிட்டார்கள்.

"இரும்பு எங்கே போச்சு?" என்று கேட்டேன். டீயில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதைக் கட்டிப்போட்டுவிட்டது. இப்படிக் கட்டுப்பட்ட இரும்பைக் குடல் அவ்வளவாக உறிஞ்சாது, வந்த வழியே போய்விடும். பால் டீ என்றாலும் டானின் டானின்தான்.

பிறகு ஓர் எலுமிச்சம்பழத்தை அறுத்து அதே டம்ளரில் பிழிந்தேன். அரை மூடிக்கே கருப்பு தளர்ந்தது. முழுப் பழத்தையும் பிழிந்ததும் டீயின் பழைய நிறம் திரும்பி வந்தது. வகுப்பே கைதட்டியது. வயிற்றுக்குள் நடப்பது அச்சு அசல் இதேபோல் இல்லை, அதையும் சொல்லிவிட்டேன். ஆனால் எலுமிச்சை, நெல்லி, கொய்யாவில் இருக்கும் வைட்டமின் சி, கீரையிலும் பருப்பிலும் கம்பிலும் உள்ள இரும்பைக் குடல் எளிதாக எடுத்துக்கொள்ளும் வடிவத்துக்குக் கொண்டுவருகிறது. எலுமிச்சையை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழிய வேண்டும், கொதிக்கவிட்டால் வைட்டமின் சி பெருமளவு வீணாகிவிடும்.

சத்துணவுப் பாடம் என்றால் ஆப்பிள், ஆரஞ்சு, பாதாம் என்று வண்ணப் படம் ஒட்டிய அட்டையைக் காட்டுவது எனக்குப் பிடிப்பதே இல்லை. வெங்காயக் காட்டுக் கூலியில் பாதாம் எங்கிருந்து வரும்? எங்கள் பள்ளி வேலியோரம் இரண்டு முருங்கை மரம் நிற்கிறது. ஊரில் கொய்யா இல்லாத கொல்லை குறைவு. நூறு கிராம் கம்பில் ஆறு மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருக்கிறது, தீட்டிய அரிசியில் ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. இந்தப் பிள்ளைகளின் அப்பாயிகள் கம்பங்கூழ் குடித்து வளர்ந்தவர்கள். இப்போது அந்தக் காடுகளில் மக்காச்சோளம் விளைந்து, நாமக்கல் பக்கம் கோழித் தீவனத்துக்கு லாரி ஏறுகிறது. கறி எடுக்கும் வீடுகளில் ஈரலும் சுவரொட்டி என்கிற மண்ணீரலும் பெரும்பாலும் ஆண்கள் தட்டுக்குப் போகின்றன. வயதுக்கு வந்த பெண்ணுக்குத்தான் அது முதலில் வேண்டும் என்று வகுப்பிலேயே சொன்னேன், பையன்களும் கேட்கட்டும் என்று. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டுப் பெண்களில் 15 முதல் 49 வயதுக்குள் நூறு பேரில் 53 பேருக்கு ரத்தசோகை. அந்த எண்ணைப் பலகையில் எழுதினேன். வகுப்பில் சத்தமே இல்லை.

சத்துணவு சமைக்கும் அம்மாவிடம் கேட்டதும் அவர் யோசிக்கவே இல்லை. "கீரைய நீங்க ஒடிச்சுக் கொடுங்க டீச்சர், உருவிச் சாம்பார்ல போட எனக்கு எவ்வளவு நேரம்?" என்றார். இப்போது வாரம் இரண்டு நாள் பெரிய பையன்கள் கொக்கிக் கம்பால் முருங்கைக் கொப்பை ஒடிக்கிறார்கள், பெண்களும் பையன்களுமாக உட்கார்ந்து கீரை உருவுகிறார்கள். மாத்திரை நாளன்று யாராவது பையில் கொய்யா கொண்டுவந்துவிடுகிறார்கள்.

மயங்கி உட்கார்ந்த பெண்ணை ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, தினசரி மாத்திரை எடுக்க வைத்தோம். அவள் அம்மா பெற்றோர் கூட்டத்துக்கு வந்தபோது நேராக என்னிடம் வந்தார்.

"இவ வீட்ல டம்ளர்ல ஆணியப் போட்டு டீ ஊத்தி வெச்சுக் கருத்துப்போச்சுன்னு காட்டுறா டீச்சர். எங்களுக்குக் காட்டுல பத்து மணிக்குச் சோறு, சோத்தோடவே டீ வந்துரும். டீயை மொதல்ல குடிச்சுட்டுச் சாப்பிட்டா ஆகாதா?"

"முன்னாடி குடிச்சாலும் பின்னாடி குடிச்சாலும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கம்மா" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப டீயைப் பதினொன்றரைக்குக் கொண்டாரச் சொல்றேன். கூட வர்றவளுகளுக்கும் சொல்லணும்ல, எட்டுப் பேரு இருக்கோம்" என்றார்.