உத்தரவாத விலையும் உலர்ந்த நெல்லும்

காலபோக (பெரும்போக) அறுவடை நெருங்கும்போதெல்லாம், அரசு நெல்லை வாங்கும் உத்தரவாத விலையை உயர்த்துமாறு இலங்கையின் வன்னியில் கோரிக்கை எழுகிறது, அது நியாயமானது. எனினும், அரசு ஒரே நேரத்தில் நெல் விற்பவர், அரிசி வாங்குபவர் என இரு தரப்புக்கும் வாக்குறுதி அளித்திருக்கிறது. 2024 டிசம்பரில் நாட்டரிசியின் (‘நாடு’ எனும் வகை அரிசியின்) உச்ச சில்லறை விலை கிலோ 230 ரூபாய் என்றும், 2025 பெப்ரவரியில் நாட்டு நெல்லின் உத்தரவாத விலை 120 ரூபாய் என்றும் அறிவிக்கப்பட்டன. ஒரு கிலோ அரிசிக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ நெல் தேவை என்பதால் அந்த விலைகளின்படி நெல்லுக்கு மட்டும் 180 ரூபாய் போய்விடுகிறது. எஞ்சிய 50 ரூபாய்க்குள்தான் அவித்தல், குற்றுதல், போக்குவரத்து, கடைக்காரரின் இலாபம் அனைத்தும் அடங்க வேண்டும். நெல் விலையை மேலும் உயர்த்தினால், அரிசியை விலைக்கு வாங்கி உண்ணும் கூலித் தொழிலாளியே அதைச் சுமப்பார்; அவர்களில் பலர் வன்னியிலேயே வாழ்கிறார்கள்.

இதைவிட என்னை வருத்துவது வேறொன்று. 14 சதவீத ஈரப்பதனுக்கு உலர்ந்த நெல்லுக்கே முழு விலை கிடைக்கும். கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தின் கீழ் அறுவடை இயந்திரங்கள் சில வாரங்களில் வயல்களை வெட்டி முடிக்க, உலர்த்தத் தளமின்றி, உரக்கடைக் கடனும் அடகு நகையும் நெருக்க, கமக்காரர் ஈரநெல்லை வயல் வரம்பிலேயே தரகரிடம் குறைந்த விலைக்குக் கொடுத்துவிடுகிறார். அறிவித்த விலை அவர் கைக்கு எட்டுவதேயில்லை.

ஆகவே அடுத்த வரவுசெலவுத்திட்டத்தில், விலையைச் சில ரூபாய்கள் உயர்த்துவதற்கு முன்பாக, கமக்காரர் அமைப்புகளுக்கு உலர்த்தும் தளங்களும் களஞ்சியங்களும், களஞ்சியப்படுத்திய நெல்லின் பேரில் குறைந்த வட்டிக் கடனும் வழங்க வேண்டும் என்று கேட்கிறேன்.