சீட்டு பறந்த கல்

அகழாய்வுப் பணியில் சேர்ந்த புதிதில் எனக்குக் கொடுத்த வேலை, குழியில் கிடைத்த பழங்காலக் கல் கருவிகளைக் கழுவுவது. பல் தேய்க்கும் பிரஷ்ஷால் மண்ணைத் தேய்த்து, காயவைத்து, குழி எண்ணும் அடுக்கு எண்ணும் எழுதிய சீட்டோடு பையில் போட வேண்டும். இரண்டாம் வாரமே ஒரு தட்டிலிருந்த சீட்டு காற்றில் பறந்துவிட்டது. தட்டில் இருந்தது ஒரே ஒரு சில்லு, அதாவது கல்லை அடித்து உடைக்கும்போது தெறிக்கும் துண்டு. அடி விழுந்த இடத்தில் சின்னப் புடைப்பு, அதிலிருந்து அலை அலையாகப் பரவிய வரிகள். அவ்வளவு அழகான சில்லை அதற்கு முன் நான் கழுவியதில்லை.

"கல்லைப் பார்த்தே காலம் சொல்லிவிட முடியாதா?" என்று கேட்டேன். மேற்பார்வையாளர் திட்டவில்லை. "கல்லுக்கு வயசு இருக்கு. ஆனா அது பாறை உருவான வயசு. யாரோ அதை உடைச்ச நாள் அதுல பதிவாகாது" என்றார்.

அப்புறம்தான் புரிந்தது, வயதைக் கல் கிடந்த மண் அடுக்கிடம்தான் கேட்க வேண்டும் என்று. உயிர்ப்பொருளில் எஞ்சிய கரிமத்தை அளந்து போடும் கரிமக் கணக்கு சுமார் 50,000 ஆண்டுகளோடு நின்றுவிடும். கல்லில் அதற்கான கரிமமும் கிடையாது. கிழக்கு ஆப்பிரிக்காவில் எரிமலைச் சாம்பல் கை கொடுக்கிறது. குழம்பாக இருக்கும்போது ஆர்கான் வாயு வெளியேறிவிடும். ஆறிய பிறகு பொட்டாசியம் சிதைந்து புதிய ஆர்கான் சேரும். சேர்ந்ததை அளந்தால் சாம்பல் விழுந்த காலம் கிடைக்கும். கருவி அதற்கு மேலே கிடந்ததா கீழே கிடந்ததா என்பதுதான் மிச்சக் கேள்வி. எத்தியோப்பியாவின் கோனாவில் கிடைத்த கல் கருவிகளுக்கு 26 லட்சம் ஆண்டுகள் என்றார்கள். சென்னைக்கு அருகே உள்ள அத்திரம்பாக்கத்தில் வேறு வழி: மண்ணில் பதிந்த பூமியின் பழைய காந்தத் திசை, புதைந்த குவார்ட்ஸில் குறைந்துகொண்டே வரும் கதிரியக்க அலுமினியம், பெரிலியம் அணு வகைகள் (ஐசோடோப்புகள்). சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011இல் அறிவித்தார்கள்.

2015இல் கென்யாவின் லொமெக்வி கருவிகளுக்கு 33 லட்சம் ஆண்டுகள் என்று செய்தி வந்தது. மனிதர்களான நாமும் அடங்கும் ஹோமோ பேரினத்தின் மிகப் பழைய தாடை எலும்புக்கே 28 லட்சம்தான். அப்படியென்றால் உடைத்தது யார்? அதைவிட என்னைப் பிடித்துக்கொண்டது இன்னொரு சர்ச்சை. அந்தக் கற்கள் உண்மையிலேயே அந்த அடுக்கைச் சேர்ந்தவையா, மேலிருந்து வந்து சேர்ந்தவையா என்று சிலர் கேட்டார்கள். கேட்டதும் எனக்கு என் சீட்டுதான் நினைவுக்கு வந்தது.

சில்லு என்றாலே மனிதக் கை என்ற நம்பிக்கையும் ஆட்டம் கண்டது. பிரேசிலில் கபுச்சின் குரங்குகள் கல்லோடு கல்லை மோதும்போது கூர்மையான சில்லுகள் தெறிக்கின்றன என்று 2016இல் காட்டினார்கள். அவற்றால் எதையும் அறுக்க வேண்டும் என்று குரங்குகளுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு கல் பிரிக்கும் மேசையில் 'சந்தேகம்' என்று எழுதிய தட்டு வேகமாக நிறைய ஆரம்பித்தது.

அந்தப் பழைய சில்லு 'அடுக்கு தெரியாது' என்ற என் கையெழுத்தோடு இன்னும் பெட்டியில் இருக்கிறது. ஆய்வுக்கு உதவாது. புதிதாக வருகிறவர்களுக்குப் புடைப்பையும் வரிகளையும் காட்ட அதைத்தான் எடுக்கிறோம். கையில் வாங்கியதும் எல்லோரும் முதலில் கேட்பது, "இதுக்கு எத்தனை வயசு?"