உங்க ரத்தத்தில் இல்லை

சொல்ல மாட்டேன் என்று அவரிடம் ஒப்புக்கொண்டேன். சொல்லவும் இல்லை. ஆனாலும் அன்று அறையை விட்டுக் கிளம்பும்போது அவருடைய மனைவிக்கு எல்லாம் தெரிந்துபோயிருந்தது. நான் செய்தது சரிதான் என்று இன்றும் முதலில் தோன்றுகிறது. கொஞ்ச நேரம் போனால் அந்த உறுதி இருப்பதில்லை.

கடலூர் பக்கத்துக் குடும்பம். பெண் குழந்தை. முதல் பிறந்தநாள் போட்டோவில் ஒரு கண் மட்டும் வெள்ளையாக மின்னியதைப் பார்த்துப் புதுச்சேரிக்குத் தூக்கி வந்தார்கள். பார்த்தால் இரண்டு கண்ணிலும் கட்டி, ரெட்டினோபிளாஸ்டோமா என்கிற விழித்திரைப் புற்று. இரண்டிலும் வந்தால், அது மரபணு வழியாக வந்தது என்று ரத்தப் பரிசோதனைக்கு முன்பே சொல்லிவிடலாம். வழக்கம்போல, குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்று குறிக்கும் குடும்ப வரைபடம் போட உட்கார்ந்தேன். தகப்பனாருக்கு இடது கண் செயற்கைக் கண். "சின்ன வயசுல குச்சி குத்திடுச்சு மேடம்" என்றார். பக்கத்தில் குழந்தையின் கவுன் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த அவருடைய அம்மாவின் கை அப்படியே நின்றது.

முடிவுகள் வந்தன. இந்தக் கட்டி வராமல் தடுக்கும் மரபணுவுக்கு ஆர்பி1 என்று பெயர். குழந்தையின் ஆர்பி1 மரபணுவில் இருந்த அதே மாற்றம் தகப்பனுக்கும் இருந்தது, தாய்க்கு இல்லை. முதலில் அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். "எனக்கே அம்மா போன வாரம்தான் சொன்னாங்க. கட்டின்னுதான் எடுத்தாங்களாம். பொண்ணு வீட்டுல குச்சின்னு சொல்லிக் கல்யாணம் பண்ணி வெச்சிட்டாங்க. அவகிட்ட சொல்லிடாதீங்க மேடம்." உங்கள் ரிசல்ட்டை உங்கள் சம்மதம் இல்லாமல் யாருக்கும் சொல்ல மாட்டேன் என்றேன். அதுதான் விதி. மனப்பூர்வமாகவும்தான் சொன்னேன்.

அவருடைய மனைவி அதுவரை கிரகணம்தான் காரணம் என்று நம்பிக்கொண்டிருந்தாள். ஐந்தாம் மாதத்தில், கிரகண நேரத்தில் கொல்லைப்பக்கம் போய்விட்டாளாம். மாமியார் அதை நாள் தவறாமல் நினைவுபடுத்துவார். தெருவில் சிலர் ரசாயனத் தொழிற்சாலைக் காற்று என்றார்கள். அவள் விரதமிருந்து கன்னமெல்லாம் ஒட்டிப்போயிருந்தது.

இது கரு உண்டாகும்போதே வந்தது, ஐந்தாம் மாதத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று ஆரம்பித்தேன். ஒவ்வொரு செல்லிலும் இந்த மரபணு இரண்டு பிரதி இருக்கிறது, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள் மாதிரி. உங்கள் குழந்தைக்கு ஒன்று பிறக்கும்போதே உடைந்திருக்கிறது, கண்ணுக்குள் ஏதோ ஒரு செல்லில் இன்னொன்றும் போய்விட்டது. 1971ல் ஆல்ஃபிரட் நட்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 48 நோயாளிகளின் விவரங்களை வைத்து ஊகித்தது இதைத்தான். அப்போது அந்த மரபணுவை யாரும் கண்ணால் பார்த்திருக்கவில்லை. ஏன் கண்ணில் மட்டும் என்று கேட்டாள். நல்ல கேள்வி. விழித்திரை உருவாகும்போது, நிறம் பார்க்கும் கூம்புச் செல்லாக மாறப்போகும் இளம் செல்கள் ஒரு கட்டத்தில் பிரிவதை நிறுத்தியாக வேண்டும். இந்த மரபணு உண்டாக்கும் ஆர்பி புரதம் இல்லாவிட்டால் அவை நிற்காமல் பெருகும். விழித்திரை முதிர்ந்துவிட்டால் அந்த ஆபத்து குறைந்துவிடும், அதனால்தான் ஐந்து வயதுக்கு மேல் இந்தக் கட்டி அரிது. எலிகளில் இரண்டு பிரதியையும் நீக்கிப் பார்த்தார்கள், 1992ல். ரத்தமும் நரம்பும் சரியாக உருவாகாமல் குட்டிகள் கருவிலேயே இறந்துபோயின. அதையும் சொன்னேன். ஒரு பிரதி நன்றாக இருந்ததால்தான் உங்கள் மகள் முழுசாகப் பிறந்திருக்கிறாள் என்பதற்காக.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ அது எங்கிட்டேருந்து போனதா மேடம்?" என்றாள்.

"உங்க ரத்தத்தில் இல்லை."

அவள் கணவனைப் பார்க்கவில்லை. மாமியாரைத்தான் பார்த்தாள். "ஏன் அத்தை, குச்சின்னுதானே சொன்னீங்க?"

அது அவளுடைய ரத்தம், அவளுடைய பரிசோதனை முடிவு. அதை மறைக்க எனக்கு எந்த உரிமையும் இல்லை. மறைத்திருந்தால் கிரகணப் பழியை ஆயுசுக்கும் சுமந்திருப்பாள். அடுத்த குழந்தைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்பதையும் சொல்லியாக வேண்டும். அதைக் கேட்டால் தன் உடம்புதான் காரணம் என்று இன்னும் உறுதியாக நம்பியிருப்பாள். இவ்வளவும் நியாயம்தான்.

ஆனால் என் நாக்கு நுனியில் இன்னொரு வாக்கியமும் இருந்தது. இப்படிப் பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோர் இருவரிடமுமே அந்த மாற்றம் இருக்காது, புதிதாகத் தோன்றியிருக்கும். பொதுவாகச் சொன்னால் அது முழு உண்மை. இந்த வீட்டுக்கு மட்டும் பொய். அதைச் சேர்த்துச் சொல்லியிருந்தால் அவள் மாமியார் பக்கம் திரும்பியிருக்க மாட்டாள். பொய்க்குத் துணைபோகக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன் என்றுதான் என்னிடம் சொல்லிக்கொள்கிறேன். இத்தனை மாதம் மருமகளைக் கிரகணத்தால் குத்திக்கொண்டு, எல்லாம் தெரிந்தும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த அந்த அம்மா மேல் எனக்கு இருந்த கோபமும் அந்த நேரத்தில் சேர்ந்துகொண்டதா? பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அந்த மனிதரை நினைத்தால்தான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது. கைக்குழந்தையாக இருந்தபோது கண்ணை இழந்தவர். எதற்காக இழந்தோம் என்பதே இத்தனை வயதுக்கு அப்புறம்தான் தெரிந்தது. இந்த மரபணு மாற்றத்தோடு வாழ்பவர்களுக்குப் பின்னாளில் எலும்பிலோ தசையிலோ புற்று வரும் அபாயம் மற்றவர்களைவிட அதிகம். வலி, வீக்கம் எதையும் அசட்டையாக விடக் கூடாது என்று அவரை உட்கார வைத்துப் பேச நினைத்திருந்தேன். அன்று எழுந்து போனவர் திரும்ப வரவில்லை. போனையும் எடுப்பதில்லை. குழந்தையை அதன் தாய்மாமன்தான் கூட்டி வருகிறார். வலது கண்ணைக் காப்பாற்றிவிட்டோம்.

இப்போதெல்லாம் ரத்தம் எடுப்பதற்கு முன்பே, முடிவுகளை இருவரையும் சேர்த்து வைத்துத்தான் சொல்வோம் என்று தாய் தகப்பன் இருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன். இதுதான் நேர்மையான வழி என்று நினைக்கிறேன். போன மாதம் ஒருவர் அந்தப் படிவத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, ரத்தம் கொடுக்காமலே போய்விட்டார். அவருக்கு இரண்டு தம்பிகள், இருவர் வீட்டிலும் கைக்குழந்தை. அவருடைய ரத்தப் பரிசோதனை முடிவு தெரியாமல் அந்தக் குழந்தைகளைப் பரிசோதிக்க வேண்டுமா என்று எங்களால் சொல்ல முடியாது. கண்ணை மட்டுமாவது ஒருமுறை காட்டச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.